குட்டி லாரி எங்கே ஒழுகியது

ரயில்வே லைன் வீட்டில் பிறந்து, இன்னொரு ரயில்வே லைன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்குத் தெரிந்த காற்றெல்லாம் இரவல் காற்றுதான். ரயில் வரும்போது வரும். கடைசிப் பெட்டியைத் தொற்றிக்கொண்டு போய்விடும். கொடியில் காயும் சேலை ஒரு தடவை எழுந்து எட்டிப் பார்க்கும், பிறகு பழையபடி தொங்கும். சமையற்கட்டு ஜன்னலில் நின்று அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ தடவை பாலைப் பொங்க விட்டிருக்கிறேன்.

போர் முடிந்த மறு வருஷம் எங்கள் வாசலுக்கு ஒரு குட்டி லாரி வந்தது. அதோடு சொந்தக் காற்றும் வந்தது.

பக்கத்துப் பட்டாள முகாமான திருமுல்கேரியில் பட்டாளம் கழித்துப் போட்ட சாமான்கள் மைதானம் மைதானமாகக் குவிந்து கிடந்த காலம். கூடாரத் துணி, ஓட்டைக் கொசுவலை, ஜோடி இல்லாத பூட்ஸ், எதற்கென்றே தெரியாத இரும்புகள். அந்தக் குவியலில் ஏலம் எடுத்த போலாரத்துக் காண்ட்ராக்டர் ஒருவரிடமிருந்து என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் கூட்டுச் சேர்ந்து வாங்கிய வண்டி அது. முன்னால் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. பட்டாளத்துக்காரர்கள் அதைப் பிக்கப் என்றார்கள். எங்கள் லைனில் குட்டி லாரி. பச்சை வர்ணம் பூசிய கதவில் ஒரு நட்சத்திரத்தைச் சுரண்டி எடுத்த தழும்பு இருந்தது. வெயில் சாய்ந்து விழுந்தால் நட்சத்திரம் திரும்பத் தெரியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மௌலா அலிக் குன்று வரைக்கும் போனோம். ஒன்றின் தலைமேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள், யாரோ அடுக்கிக்கொண்டிருக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பதுபோலப் பாதியில் நிற்கும் பாறைகள். ரயிலிலிருந்து ஜன்னல் அளவுக்கு மட்டும் பார்த்திருந்தவற்றை வானம் அளவுக்குப் பார்த்தேன். தலைமுடி அவிழ்ந்து அண்ணன் முகத்தில் அடித்தது. "பாப்பா, முடிய கட்டு, ரோடு தெரில!" என்று கத்தினான். நான் கட்டவில்லை.

மறுநாள் காலை வாசலில் வண்டிக்கு அடியில் ஒரு ஈரம் இருந்தது. உள்ளங்கை அகலம்.

என் வீட்டுக்காரர் ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு ஃபிட்டர். ஒழுகுவது என்பது அவருக்கு வாகனத்தின் வியாதி அல்ல, குணக்கேடு. குழாயடியில் ஒரு சொட்டு விழுந்தாலும் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவார். ஈரத்தைக் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், துடைத்துக்கொண்டார். அப்புறம் தீர்ப்புச் சொன்னார்:

"எங்க ஒழுகுதுன்னு தெரியாத வண்டிய நான் வச்சிக்க மாட்டேன் மச்சான். அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்போம். காண்ட்ராக்டர் திருப்பி எடுத்துக்கறேன்னு அதுவரைக்கும்தான் சொல்லியிருக்காரு. கண்டுபுடிச்சா நம்மது. இல்லன்னா அவருது."

"யோவ் மாப்ளே, ஒரு சொட்டு எண்ணெய்க்கா?" என்றான் அண்ணன்.

"ஒரு சொட்டுன்னு உனக்கு யாரு சொன்னது? நீ அளந்து பாத்தியா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்தேன். ஒரு வாரம். என் காற்றுக்கு வாய்தா போட்டுவிட்டார்.

வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "இரும்பு எல்லாம் ஒண்ணுதான், ரயிலு பெரிய இரும்பு, இது சின்ன இரும்பு" என்றார் அவர். அண்ணனோ ஓட்ட மட்டுமே தெரிந்தவன். போலாரத்தில் ஒரு துரையின் அரதப் பழசான காரை வருஷக்கணக்கில் ஓட்டியிருந்தான். வண்டி ஓடினால் சந்தோஷப்படுவான், நின்றால் இறங்கி பீடி பற்றவைப்பான். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் குட்டி லாரி, பேசத் தெரியாத பிள்ளையை டாக்டரிடம் கொண்டுவந்ததுபோல நின்றது.

முதல் தடங்கல் நான்தான். விடியற்காலையில் எழுந்து வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிடுவேன். பிறந்ததிலிருந்து பழகின கை. அவர் எழுந்து வரும்போது வாசல் முழுக்க ஈரம். எது வண்டி விட்டது, எது நான் விட்டது என்று எந்த ஃபிட்டராலும் சொல்ல முடியாது.

"இந்தா, நாளைக்கு வாசல் தெளிக்காதே" என்றார்.

"நாளைக்கு செவ்வாய்க்கெழமைங்க."

"வண்டிக்கு வெள்ளி, செவ்வாய் தெரியுமா?"

தெளிக்கவில்லை. கோலமும் போடவில்லை. எட்டு மணிக்குள் எதிர் லைனிலிருந்து ஒரு அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணைக்கூடத் தயார் செய்துகொண்டு வந்துவிட்டார். ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர். வாசற்படியில் கால் வைக்கும்போதே, "யாருக்குமா? எப்ப? நைட்டு வரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க?" என்று குரல் உடைந்தது. செவ்வாய்க்கிழமையும் அதுவுமாய்த் தண்ணீர் தெளிக்காத வாசலுக்கு வேறு என்ன அர்த்தம்? அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து காலை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருந்தான். அந்தக் காலைப் பார்த்ததும் அந்த அம்மா "ஐயையோ!" என்று மார்பில் கை வைத்துவிட்டார்.

"நான்தாங்க, உசுரோடதான் இருக்கறேன்," என்றது கால்.

சிரித்து முடிக்கவும், காபி கொடுத்து அனுப்பவும் பாதிக் காலை போயிற்று. ஆனால் அந்த அசம்பாவிதத்திலிருந்து எனக்கு ஒரு யோசனை கிடைத்தது. வாசலும் வெறிச்சென்று இருக்கக் கூடாது, ஈரமும் தெரிய வேண்டும். சாயங்காலமே வாசலைத் தெளித்துக் காயவிட்டு, வண்டி நிற்கும் இடத்தில் புள்ளி வைத்து ஒரு பெரிய கோலம் போட்டேன். அண்ணன் வண்டியைப் பின்னால் நகர்த்தி, புள்ளி கலையாமல் அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தினான். "கோலத்து மேல லாரிய நிறுத்தச் சொன்ன முத பொம்பள நீதான் பாப்பா" என்றான்.

காலையில் வண்டியைத் தள்ளிப் பார்த்தோம். வெள்ளைக் கோட்டின் நடுவில் பழுப்பாக ஒரு கறை. வண்டியின் பாதி நீளத்தில், கியர்பாக்ஸுக்கு நேர் கீழே.

"கியர்பாக்ஸ்!" என்றார் அவர், திருடனின் பெயரைக் கண்டுபிடித்தவர்போல. அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து கியர்பாக்ஸின் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினார். மறுநாள் கறை அதே இடத்தில், அதே அகலத்தில் சிரித்தது.

அப்புறம் ஒர்க்ஷாப் வைத்தியம். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அங்கே அதை இப்படித்தான் பிடிப்பார்களாம்: கெரசினால் துடைத்துக் காயவைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டுக் காத்திருப்பார்கள். விரிசலுக்குள் பதுங்கிய எண்ணெய் வெள்ளையில் கோடாக எட்டிப் பார்த்துவிடும். சாக்பீஸ் பொடிக்குப் பதில் என் கோலமாவு. இஞ்சினின் வயிறு, கியர்பாக்ஸ், பின் அச்சு, பெட்ரோல் டேங்க் என்று எல்லாவற்றுக்கும் பூசினார்கள். கீழே குனிந்து பார்த்தால் குட்டி லாரி விபூதி பூசிக்கொண்ட பண்டாரம்போல இருந்தது. தெருவில் போகிற ஒரு டோங்காக்காரர் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கைக்கு பாய், மொட்டர் கூ பவுடர்?" என்று கேட்டார். வண்டிக்கு எதற்குப் பவுடர் என்கிறார். அண்ணன் அடியில் இருந்தபடியே, "ஹவ் பாய், ஷாதி ஹை!" என்றான். கல்யாணமாம். டோங்காக்காரர் குதிரைக்கு அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டே போனார்.

பூசின எதிலும் கோடு விழவில்லை. எல்லாவற்றையும் பூசினார்கள், ஒன்றைத் தவிர. ஓட்டுபவர் காலுக்கு நேர் கீழே, இரும்புச் சட்டத்தை ஒட்டி, ஒரு சின்ன உருளை இருந்தது. சொம்பு அளவுதான் இருக்கும். பிரேக் மிதியிலிருந்து ஒரு கம்பி அதற்குள் போயிற்று. நான் லாந்தரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

"இதுக்கு வேணாங்களா?"

"அது வேக்கம் சிலிண்டர்," என்றார். குரலில் சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷம். "நம்ம பெட்டிங்களுக்கு அடியிலயும் தொங்குதே, அதோட தம்பி. அதுக்குள்ள காத்துகூட இருக்காது, எண்ணெய் எங்கருந்து வரும்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் அப்பாவும் ரயில்காரர்தான். ரயிலில் பிரேக் என்றால் காற்றை உறிஞ்சி எடுக்கிற விஷயம் என்று தாய்ப்பாலோடு படித்தவள். பிரேக்குக்குள் எண்ணெய் இருக்கும் என்று எங்கள் லைனில் யார் சொல்லியிருந்தாலும், ரயிலுக்குள் மீன் இருக்கும் என்று சொன்னதுபோலத்தான் சிரித்திருப்போம். அந்த உருளையின் மேல் ஈரம் பளபளத்தது. "எங்கருந்தோ தெறிச்சிருக்குது" என்று வேஷ்டித் தலைப்பால் துடைத்துவிட்டார். ஒவ்வொரு நாளும் துடைத்தார், மூக்கு ஒழுகும் குழந்தைக்குத் துடைப்பதுபோல.

அண்ணன் ஒரு தகவல் சொன்னான். "ரெண்டு மூணு நாளா ஒரு மிதி மிதிச்சா புடிக்க மாட்டேங்குது மாப்ளே. ரெண்டு தடவ மிதிக்கணும்."

"வேக்கம் சேரணும்ல? ரயிலுக்கும் அப்படித்தான் நேரமாவும்."

இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள். வண்டியும் தங்கள் ஜாதிதான் என்பதில் ஒரு பெருமை.

இன்னொன்றும் இருந்தது, எல்லோருக்கும் தெரியும், யாரும் பொருட்படுத்தவில்லை. வண்டிக்குள் விளக்கெண்ணெய் வாசனை. ஏறி உட்கார்ந்தால், யாரோ குழந்தைக்குப் பேதிக்குக் கொடுக்கக் கரண்டியில் ஊற்றி வைத்திருப்பதுபோல மூக்கில் ஏறும். நான் முதல் நாளே சொன்னேன். சொன்னதும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அண்ணன் காலைப் பார்த்தோம். அண்ணனும் குனிந்து தன் காலைப் பார்த்தான். இஞ்சின் சூடு காலில் ஏறிக் கண்ணை எரிக்கிறது என்று, வண்டி எடுத்த நாளிலிருந்து அவன் இரண்டு உள்ளங்காலிலும் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் ஓட்டப் போவான். உடம்புச் சூட்டுக்கு எங்கள் வீட்டில் அதுதான் மருந்து.

"மச்சான், உன் கால்ல விளக்கேத்தி வைக்கலாம் போல" என்பார் இவர்.

"கண்ணு குளிர்ச்சியா இருந்தாத்தான்யா ரோடு தெரியும். நக்கோ, வேணாம்னா நீ வந்து ஓட்டு."

அப்படியாக அந்த வாசனைக்கு ஒரு சொந்தக்காரன் கிடைத்துவிட்டான். விசாரணை அங்கேயே முடிந்தது.

அந்த வாரம் முழுவதும் வண்டிக்கு வேலை இருந்தது. போலாரத்து பங்களாக்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள் துரைமார்கள். கண்ணாடி அலமாரிகள், பீங்கான் தொட்டிகள், மான் தலைகள், ஒரு நாள் ஒரு பியானோ. பியானோவை ஏற்றிக்கொண்டு வந்த அன்று ஒவ்வொரு பள்ளத்திலும் அது தானாக ஒரு ஸ்வரம் விட்டதாம். அண்ணன் சாயங்காலம் வந்து அந்தச் சத்தங்களைப் பாடிக் காட்டினான். பாறை மேட்டில் ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது ஒரு சத்தம். நான் சப்பாத்தி உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இந்த ஊரைப் பாடிக்கொண்டே கடக்கிற ஒரு சாமானில் நானும் ஒரு நாளாவது ஏறிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. வாசலில் கோலமோ காலைக்குக் காலை பழுப்பு நிறத்தில் "இல்லை" என்று எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கறை அதே இடத்தில்.

வீட்டுக்காரர் கறையை ஒரு பார்வை பார்த்தார். குளித்தார், வெள்ளைச் சட்டை போட்டார். அவர் வெள்ளைச் சட்டை போட்டால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அண்ணன் மட்டும் கடைசி வரை வாதாடினான்.

"மாப்ளே, ஒழுவுற வண்டியெல்லாம் திருப்பிக் குடுத்தா ரோட்டுல மாட்டு வண்டிதான்யா போவும்."

"மாடும் ஒழுவும். எங்கருந்துன்னு தெரியும்ல?"

நானும் வருவேன் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. முன்சீட்டில் ஓரமாக நகர்ந்து நடுவில் இடம் விட்டார். அது போதும் என்று ஏறினேன். தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தேன். தெரு முனை தாண்டியதும் அவிழ்த்தேன்.

அது சீதாப்பழக் காலம். கூடைக்காரிகள் வரிசையாக நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். வேப்ப மரங்களும் பட்டாளத்துப் பாரக் கூரைகளும் பின்னால் ஓடின. காலை வெயில் பாறைகளின் ஒரு கன்னத்தில் மட்டும் இருந்தது. காற்று வந்தது. கடைசிக் காற்று என்று தெரிந்ததாலோ என்னவோ, அதைத் தனித்தனியாகப் பிரிக்க முடிந்தது: தூசி, மாட்டுச் சாணம், பழம், பெட்ரோல், பிறகு விளக்கெண்ணெய்.

விளக்கெண்ணெய்.

அண்ணன் காலைப் பார்த்தேன். காண்ட்ராக்டர் முன்னால் மரியாதையாக நிற்க வேண்டும் என்று அன்றைக்கு அவன் பூட்ஸ் போட்டிருந்தான். திருமுல்கேரிக் குவியலில் பொறுக்கியது. வலது ஒரு சைஸ், இடது ஒரு சைஸ்.

"ண்ணா, கால்ல எண்ணெய் தேச்சியா?"

"பூட்ஸுக்குள்ள எவனாவது எண்ணெய் தேய்ப்பானா? வழுக்கிக்கும்."

"அப்ப இன்னா வாசனை இது?"

அவன் பதில் சொல்வதற்குள் ரோடு கீழே இறங்கியது. திருமுல்கேரி தாண்டி ஒரு இடத்தில் ரோடு தொட்டில்போலக் குழிந்து மறுபடி ஏறும். இறக்கத்தில் அண்ணன் பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்தான். பிறகு சைக்கிள் ஓட்டுகிறவன்போல மிதித்துக்கொண்டே இருந்தான். மிதி காலடிப் பலகையோடு பலகையாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

"மாப்ளே, வேக்கம் இல்ல!" என்று அலறினான்.

குட்டி லாரி பள்ளத்தில் பாய்ந்து எதிர் மேட்டில் ஏறியது. பாதி மேட்டில் யோசித்தது. பின்னோக்கி இறங்கியது. வந்த மேட்டில் முதுகால் ஏறியது. மறுபடி முன்னால். கைப்பிரேக் என்று ஒன்று இருப்பது மூன்று பேருக்குமே நினைவில்லை. முன்னும் பின்னும், முன்னும் பின்னும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக. பயந்து போயிருந்த என் வயிற்றுக்குள்ளிருந்து, சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்பு வந்தது. ரோட்டோரம் எருமை ஓட்டிக்கொண்டு வந்தவர் நின்று வேடிக்கை பார்த்தார். "கைக்கு மியான், ஜூலா ஜூல்ரே?" என்றார். ஊஞ்சல் ஆடுகிறீர்களா என்கிறார். எருமைகளும் நின்றன. கடைசியில் பள்ளத்தின் அடிவாரத்தில், தூங்கிவிட்ட குழந்தையின் தொட்டில்போல, வண்டி தானாக நின்றது.

இஞ்சின் டிக் டிக் என்று ஆறத் தொடங்கியது.

நான் குனிந்து மூக்கைப் பலகைக்கு அருகே கொண்டுபோனேன். "ண்ணா, கால எடு. ஏங்க, இந்தப் பலகைய தூக்குங்க."

பலகையின் நடுவில் ஒரு சின்ன மூடி இருந்தது. தூக்கினார். கீழே அந்த உருளை, அதன் தலையில் ஒரு திருகு மூடி. இத்தனை நாள் அடியிலிருந்து பார்த்ததால் அதற்குத் தலை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. திருகித் திறந்தார். விரலை விட்டார். வெளியே எடுத்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற சீசாவைத் திறந்ததுபோல இருந்தது. கூடவே ஸ்பிரிட் மாதிரி ஒரு காட்டம்.

"எண்ணெய்," என்றார். "பிரேக்குக்குள்ள எண்ணெய் ஊத்தி வச்சிருக்கானுங்க!" உள்ளே அடியில் நனைந்த அளவுக்குத்தான் மிச்சம். உருளையின் பின்புறத்தில் கம்பி நுழைகிற இடத்து ரப்பர் உறை கிழிந்து, அங்கிருந்து சட்டத்தின் மேல் வழிந்து, எங்கள் வாசல் சரிவில் ஊர்ந்துபோய், கியர்பாக்ஸுக்குக் கீழே வந்து சொட்டியிருக்கிறது. எங்கோ பிறந்து எங்கோ விழுந்த ஒழுக்கு.

அவர் ரோட்டில் இறங்கி நின்றார். வெள்ளைச் சட்டையில் இரண்டு விரல் எண்ணெய்க் கறை.  மேட்டின் அந்தப் பக்கம் போலாரம், காண்ட்ராக்டர். இந்தப் பக்கம் வீடு.

"ரயிலு காத்துல நிக்குது," என்றார் மெதுவாக. "இது எண்ணெயில நிக்குது." பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தழும்பு நட்சத்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "இத வேஷ்டியால தெனம் தொடச்சு விட்டேன் மச்சான்! தம்பின்னு சொல்லி!"

"என் கால மட்டும் ஒரு வாரமா திட்டினீங்களே," என்றான் அண்ணன். "என் கால்கிட்ட மன்னிப்பு கேளுங்க. ரெண்டு பேரும்."

"இன்னாங்க செய்யறது இப்ப?" என்றேன் நான். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் வந்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். காற்றில் கலைந்து கிடந்த தலையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சுபோச்சே," என்றார். "மச்சான், வண்டிய திருப்பு."

பிரேக் இல்லாத வண்டியை எப்படித் திருப்புவது என்று அண்ணன் கேட்டதற்கு, தள்ளுங்கள் என்று எருமைக்காரர் பதில் சொன்னார். அவரும் ஒரு கை கொடுக்கத் தள்ளித் திருப்பினோம். முதல் கியரிலேயே, நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப்போகிற வேகத்தில் வீடு திரும்பினோம். கைப்பிரேக் என் பொறுப்பு. "இழு" என்று அண்ணன் சொன்னால் இழுக்க வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். இரும்புப் பிடி, வெயிலில் சூடேறி, இரண்டு கைக்கும் வாகாக இருந்தது. சொல்வதற்கு முன்பே இழுக்கக் கற்றுக்கொண்டேன். காற்று அன்றைக்கு மிகவும் கொஞ்சமாகத்தான் வந்தது. ஆனால் நான் நிறுத்தச் சொன்னால் நிற்கிற காற்று அது.

திருமுல்கேரிக் குவியலில் தேடி, அதே மாதிரி ரப்பரும் அதற்கான எண்ணெய் டப்பாவும் கிடைத்தன. அதற்கு அப்புறம் வாசலில் கோலம் வெள்ளையாகவே விடிந்தது. ஒரே ஒரு சட்டம் மட்டும் வீட்டில் புதிதாக வந்தது. வண்டிக்குள் விளக்கெண்ணெய் வாசனை அடித்தால் அது வண்டியினுடையதாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் நல்லெண்ணெய்க்கு மாறினான். அவன் கண் குளிரவே இல்லை என்று இன்றைக்கும் புகார் சொல்கிறான்.